நாயோடு ஒரு பாய்மரப் பயணம்: திருப்பாலைக்குடியிலிருந்து தங்கச்சிமடம் வரை

அட்லாண்டிக் பெருங்கடலைப் பாய்மரப் படகில், ஒரு நாயையும் ஏற்றிக்கொண்டு கடந்த தம்பதியின் காணொளிகளை மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையல் செய்யும்போது, சாப்பிடும்போது, தூக்கம் வராதபோது எல்லாம் அதுதான். ஒருநாள் சட்டென்று தோன்றியது. நான் இருப்பது உச்சிப்புளி. வடக்கே நடந்தாலும் தெற்கே நடந்தாலும் ஒரு மணி நேரத்தில் கடல் வந்துவிடும். வயது நாற்பது ஆகிறது. இதுவரை முழங்காலுக்கு மேல் கடல்நீர் பட்டதில்லை.

கடலாடிப் பக்கம் விவசாயக் குடும்பம் எங்களுடையது. எங்கள் ஆட்களுக்குக் கடல் என்றால் அமாவாசைக்கு முழுக்குப் போடும் இடம், அவ்வளவுதான். அப்போதும் நான் காலை நனைத்ததோடு சரி. என் நாய் மிளகாயும் அய்யாவின் மிளகாய்த் தோட்டத்தில் கிடைத்த குட்டிதான். நிறமும் அப்படியே பழுத்த வத்தல் நிறம். கணவர் குவைத்தில் இருப்பதால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர். நான் ஒருநாள் வெளியூர் போனாலும் அவன் சோறு தொடமாட்டான். ஆகவே போனால் இருவரும் போவது, இல்லையென்றால் இல்லை.

ராமநாதபுரத்தில் கண்ணாடிக் கடையில் என்னோடு வேலை பார்க்கும் பர்வீனின் அத்தா, அதாவது அப்பா, செய்யது திருப்பாலைக்குடியில் மீன்பிடிப்பவர். திருவிழாக்களில் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டிக்கென்றே ஒரு படகு வைத்திருக்கிறார். அதில் தங்கச்சிமடம் வரை கூட்டிப்போக ஒப்புக்கொண்டார். கடல் வழியில் சுமார் 46 கிலோமீட்டர். வாடைக்காற்று தணிந்திருக்கும் மாசி மாதம்தான் தோது என்று சொன்னதும் அவர்தான்.

மாசி இரண்டாவது ஞாயிறு. அதிகாலை 4.15க்கு உச்சிப்புளியிலிருந்து ஆட்டோ. பேருந்தில் நாயை ஏற்றமாட்டார்கள். 40 கிலோமீட்டருக்கு 1,200 ரூபாய். 5.25க்குத் திருப்பாலைக்குடி கரையில் இறங்கினோம். செய்யது பாயும் அவருடைய மச்சான் காதரும் படகருகே நின்றிருந்தார்கள். (பாய், பாயை ஏற்றினார் என்று இனி எழுத வேண்டிவரும். குழம்பிவிடாதீர்கள்.)

மிளகாயைப் பார்த்ததும் செய்யது பாயின் முகம் மாறிவிட்டது.

"என்னம்மா, நாயும் வருதா? பர்வீன் ரெண்டு பேருன்னுதானே சொன்னா?"

"ரெண்டு பேருதான் பாய். நானும் இவனும்."

அவர் தலையைச் சொறிந்தார். "தப்பா எடுத்துக்காதம்மா. நாயி எச்சி எங்க மேல படக்கூடாது. பட்டா ஏழு தண்ணி ஊத்திக் கழுவணும். அதுல ஒரு தண்ணி மண்ணு கலந்து. நடுக்கடல்ல மண்ணுக்கு எங்கன போவேன்?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. இதைப் பர்வீனிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். தவறு என்னுடையதுதான். வேண்டாம் பாய், இன்னொரு நாள் தனியாக வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவர் மிளகாயை ஒருமுறை பார்த்தார். அவன் வாலை ஆட்டினான்.

"சரி, ஏத்து. அவன் அணியத்துல இருக்கட்டும். நான் கடைசில சுக்கான் பக்கம். நடுவுல நீ இருந்துக்க."

அணியம் என்பது படகின் முன்பகுதி. அங்கே சாக்கு விரித்து மிளகாயை உட்கார வைத்தேன். குழந்தைகளுக்கான மிதவைச் சட்டை ஒன்றை வெட்டித் தைத்து, முதுகில் பிடித்துத் தூக்க ஒரு பட்டையும் வைத்து அவனுக்குப் போட்டிருந்தேன். 5.50க்குக் கிளம்பினோம்.

முதல் மூன்று மணி நேரத்தை எப்படி எழுதுவது! அவசரத்துக்கென்று பின்னால் மாட்டியிருந்த இயந்திரத்தின் சத்தம் இல்லை. வாடை இடப்பக்கமிருந்து சீராக அடித்தது. பாய் உப்பி நிற்க, படகின் அடியில் தண்ணீர் கிழியும் சத்தம் மட்டும். படகு வலப்பக்கம் சாயும்போதெல்லாம் காதர், இடப்பக்கம் கடலுக்கு மேல் நீட்டியிருந்த பலகையில் ஏறி ஓரத்தில் போய் உட்காருவார். படகு நிமிரும். காதர் அதிகம் பேசாதவர். பலகையில் உட்கார்ந்து பீடி பற்ற வைக்க முயன்று, தோற்று, மறுபடி முயல்வதுதான் அவருடைய பொழுதுபோக்கு. மிளகாய் காற்றுக்கு மூக்கை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். எட்டரை மணிக்கு இட்லியும் மிளகாய்ப் பொடியும் சாப்பிட்டோம். திரும்பிப் பார்த்தால் கரையைக் காணவில்லை. நான்கு பக்கமும் தண்ணீர். பயம் வரும் என்று காத்திருந்தேன். சிரிப்புதான் வந்தது.

ஒரே சிக்கல், மிளகாய் ஒன்றுக்குப் போக மறுத்தான். வீட்டு வாசல் புல்லை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்திருந்தேன். மோந்து பார்த்துவிட்டு, இதெல்லாம் ஒரு இடமா என்பதுபோல் என்னைப் பார்த்தான்.

பத்தரை மணிக்குக் காற்று விழுந்துவிட்டது. பாய் துணிபோலத் தொங்கியது. வெயில் ஏறியது. மிளகாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தான். மிதவைச் சட்டை அவனைப் புழுக்குகிறது என்று கழற்றிவிட்டேன். ஈரத்துணியால் துடைத்துத் தண்ணீர் வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்துக் காற்று திரும்ப எழுந்தபோது, சட்டையைத் திரும்ப மாட்ட மறந்துபோனேன்.

தங்கச்சிமடம் இருக்கும் தீவின் பனைமரங்கள் கோடாகத் தெரிய ஆரம்பித்த நேரம். தண்ணீர் தெளிந்து, அடியில் கடற்புல் தெரிந்தது. படகின் வலப்பக்கம், பத்தடி தள்ளி, ஒரு பெரிய பழுப்பு முதுகு மேலே வந்து 'புஸ்' என்று மூச்சு விட்டது.

"ஆவுளியா!" காதர் கத்தினார். கடல்பசுவுக்கு இங்கே அதுதான் பெயர். அன்று அவர் பேசிய முதல் வார்த்தையும் அதுதான்.

நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே மிளகாய் குரைத்தபடி கடலில் பாய்ந்துவிட்டான்.

பாய்மரப் படகுக்குப் பிரேக் கிடையாது. நான் அலறி முடிப்பதற்குள் அவன் ஐம்பது அடி பின்னால் போய்விட்டான். அலைக்கு நடுவே ஒரு தலை, அவ்வளவுதான். கடல்பசு எப்போதோ மூழ்கிவிட்டது.

"அவனைப் பாரு! கண்ணை எடுக்காத! கையை நீட்டிக் காட்டிக்கிட்டே இரு!" செய்யது பாய் சுக்கானைத் திருப்பினார். "மச்சான், பாயத் தளத்து! இஞ்சின் வேணாம், விசிறி அவனை வெட்டிரும்!"

கையை நீட்டினேன். படகு திரும்பத் திரும்ப என் கையும் திரும்பியது. சிலசமயம் தலை தெரியாது. அது கடைசியாக இருந்த இடத்தையே காட்டிக்கொண்டு நின்றேன். சட்டையைக் கழற்றியது இந்தக் கைதான் என்ற நினைப்பு மட்டும் ஓடியது. படகு ஒரு பெரிய வளைவு போட்டுக் காற்றுக்கு எதிரே வந்து வேகம் குறைய எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. காதர் நான்கு நிமிடம் என்கிறார். மிளகாய் எங்களை நோக்கித்தான் நீந்தினான். ஆனால் பின்பாதி தாழ்ந்துகொண்டே போனது.

செய்யது பாய் சுக்கானைக் காதர் கையில் கொடுத்தார். படகோரத்தில் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் நீருக்குள் விட்டு, பிடரியைப் பிடித்து ஒரே இழுப்பு. அந்த வேகத்தில் அவர் மல்லாக்கச் சாய, நனைந்த நாய் அவர் நெஞ்சின்மேல் விழுந்தது. உப்புத்தண்ணீரைக் கக்கியது. அப்புறம் தாடையிலிருந்து நெற்றிவரை அவரை நக்கிவிட்டது.

மிளகாயை வாரிக்கொண்டு நான் அழுதேன்.

"அழுகாதம்மா," என்றார் செய்யது பாய். "உன் கை கடைசிவரைக்கும் இறங்கவே இல்ல. அதப் பாத்துத்தான் திருப்புனேன். இல்லாட்டி இந்நேரம் வேற எங்கனயோ தேடிக்கிட்டுத் திரிவோம்."

"மச்சான், மூஞ்சியயுமா நக்கிட்டான்?" என்றார் காதர். செய்யது பாய்தான் முதலில் சிரித்தார். அப்புறம் நான்கு பேரும், நாயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், சிரித்தோம்.

2.20க்குத் தங்கச்சிமடம் வடக்குக் கரை. படகு மணலைத் தொட்டதும் மிளகாய் குதித்தோடி முதல் பனைமரத்தடியில் காலைத் தூக்கி, ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றான். செய்யது பாய் கைநிறைய மண்ணை அள்ளி, முகத்திலும் கையிலும் நெஞ்சிலும் தேய்த்து, எண்ணி ஏழு முறை கழுவினார். கழுவி நிமிர்ந்ததும் மிளகாய் மறுபடியும் அவரை நோக்கி ஓடினான்.

"ஏலே! ஏலே! மறுபடியும் முதல்லருந்தா?" என்று அவர் ஓடியதைக் கரையில் வலை காயப்போட்டிருந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். படகுக்கு 6,000 ரூபாய் கொடுத்தேன். மீன்துறை அனுமதிச் சீட்டையும் கடலோரக் காவல் நிலையத்தில் தகவல் சொல்வதையும் படகுக்காரர் வழியாகவே முடித்துவிடுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். நாட்டின் கடல் எல்லை பக்கத்திலேயே இருக்கிறது, விளையாட்டு வேண்டாம். நாய்க்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் நல்ல தண்ணீர் தேவை. தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் பேதியாகும். தலைக்கு மேல் ஒரு நிழல் கட்டுங்கள். நான் கட்டவில்லை, அதனால்தான் சட்டையைக் கழற்ற நேர்ந்தது. மிதவைச் சட்டையைக் கரை தொடும்வரை கழற்றாதீர்கள், உங்களுடையதையும் சேர்த்து. நாயைக் கூட்டிப்போவதாக இருந்தால் படகுக்காரரிடம் முதலில் கேளுங்கள். அவருக்கும் அவருடைய காரணங்கள் இருக்கும்.

திரும்பி வர ஆட்டோ பிடித்தோம். பாம்பன் பாலத்தை நூறு முறையாவது கடந்திருப்பேன். எப்போதும் பேருந்தில் கூட்டத்தோடு சன்னல் பக்கம் எட்டி ரயில் பாலத்தைத்தான் பார்ப்பேன். அன்று வடக்குப் பக்கம் பார்த்தேன். வெறும் நீலம், ஒரு படகுகூட இல்லை. மிளகாய் என் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "அங்கன என்னக்கா இருக்கு?" என்று கேட்டார்.

"அந்த வழியாத்தான் வந்தோம்," என்றேன்.