ஆரணியின் படிவத்தில் எல்லாம் பூச்சியம்

1. சிவப்புக் கட்டங்கள்

இலங்கையில் போர் முடிந்த அந்த மே மாதம் நான் ரொறன்ரோவில் ஒரு கல்விச் சபையின் விசேட கல்விப் பிரிவில் டேட்டா அனலிஸ்டாக இருந்தேன். வேலையில் சேர்ந்து ஏழு மாதம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் அறிய வேண்டியவை மூன்று:

அ) மாகாண அரசு சபைக்குப் பணம் தருவது பெரும்பாலும் பிள்ளைகளின் தலையை எண்ணித்தான். விசேட கல்விக்கும் அப்படியே.
ஆ) அந்தப் பணம் போதாது.
இ) ஆகவே, சாதாரண வகுப்பில் படிக்கும் எந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் உதவியாளரை வைப்பது என்பதைச் சபை தேவைகளை வரிசைப்படுத்தி முடிவுசெய்யும். அந்த வரிசை என் எக்செல்லில் இருந்தது.

பாடசாலை ஒரு படிவம் நிரப்பும், பெற்றோர் ஒன்று நிரப்புவார்கள். சாப்பிடுவது, சப்பாத்துப் போடுவது என்று ஒவ்வொரு காரியத்துக்கும் ஓர் எண். பூச்சியம் என்றால் பிள்ளை தானே செய்யும். மூன்று என்றால் பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். இரண்டு படிவமும் ஒத்துவராவிட்டால் கட்டம் சிவப்பாகும். ஸ்காபரோவில் ஆரணி என்ற ஆறு வயதுச் சிறுமியின் வரிசை முழுவதும் சிவப்பாக இருந்தது. பாடசாலை எல்லாவற்றுக்கும் மூன்று போட்டிருந்தது. வீட்டிலிருந்து வந்ததில் எல்லாம் பூச்சியம்.

என் மேலதிகாரி டோரத்தி திரையைப் பார்த்து, "பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை, வீட்டில் வேறு பிள்ளையா?" என்றார். வெள்ளிக்கிழமை வரிசையை மூடிவிடுவார்கள். அதற்குள் சரிசெய்யாவிட்டால் ஆரணிக்கு உதவியாளர் இல்லை. உதவியாளர் இல்லையென்றால் செப்டெம்பரில் தன் வகுப்பை விட்டு, ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய் வேறொரு பாடசாலையின் சிறப்பு வகுப்பில் இருக்க வேண்டும். வழக்கமான மொழிபெயர்ப்பாளர் நகர மையத்தில், போரை எதிர்த்து நடந்த தமிழர் ஊர்வலத்தில் கொடி பிடித்து நின்றார். தமிழ் தெரிந்த ஆள் என்று என்னை அனுப்பினார்கள்.

2. ஊரிலை எவடம்?

பாடசாலை அதிபரின் அறைக்கு ஆரணியின் தாய் சுகந்தி ஒரு தட்டு ரோல்ஸுடன் வந்திருந்தார். தந்தை யோகன் சிரித்தார், பேசவில்லை. ஊர்வலத்தில் நின்று கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. அந்த மாதம் நகரத்தில் பாதித் தமிழருக்குத் தொண்டை இல்லை. ஆரணி பிறந்தநாள் சட்டையில் ஜொலித்தாள்.

நான் படிவத்தை எடுக்குமுன் சுகந்தி கேட்டார்: "தங்கச்சி ஊரிலை எவடம்?"

"கோண்டாவில்."

"அப்ப யூனியன்வில்லிலை இருக்கிற மங்கை அன்ரி உமக்கு என்ன முறை?"

"சின்னம்மா."

அவர் முகம் மாறியது. அதன்பின் ஆரணி செய்யாத காரியமே உலகத்தில் இல்லை.

பிள்ளை தானே சாப்பிடுவாளா என்று அதிபர் கேட்டார். "ஓம், வடிவாச் சாப்பிடுவா," என்றபடி சுகந்தி ரோல்ஸைப் பிய்த்து ஆரணியின் வாயில் வைத்தார். சப்பாத்து? "தானாப் போடுவா." யோகன் மேசைக்குக் கீழே குனிந்து அவளுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். வகுப்பை விட்டு ஓடுவாளா? "எங்கட பிள்ளை இருந்த இடத்தை விட்டு அசையாது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கதிரை காலியாக இருந்தது.

ஆசிரியர் அறையின் கைகழுவும் தொட்டிக்குள் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். மிகுந்த சந்தோஷத்துடன்.

3. யோகன் எழுதியது

ஆரணியைத் துடைக்கும்போது, படிவத்தை யார் நிரப்பியது என்று சுகந்தியிடம் கேட்டேன்.

"எனக்கு இங்கிலீஷ் காணாது. உம்மடை சின்னம்மாதான் நிரப்பித் தந்தவ. அவவுக்கு முன்னாலை என்னெண்டு சொல்லுறது? அடுத்த வெள்ளிக்குள்ளை கோயில் முழுக்கத் தெரிஞ்சிடும். இப்ப பாத்தா, நீர் வந்து நிக்கிறீர்!"

"அக்கா, இது சோதனைப் பேப்பர் இல்லை. எல்லாம் செய்வா எண்டால் ஆள் தரமாட்டினம்."

"அப்ப ஃபெயில் விட்டாத்தான் தருவினமோ?"

"கிட்டத்தட்ட."

சுகந்தி பேனையைப் பறித்து மேலிருந்து கீழ்வரை மூன்று, மூன்று என்று வட்டமிட்டார். "பெற்றோரை அடையாளம் காண்பாளா" என்பதற்கும் மூன்று. யோகன் பேனையைப் பிடுங்கினார். சட்டைப்பையிலிருந்து ஊர்வலத் துண்டுப்பிரசுரம் ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் நெடுநேரம் எழுதி என்னிடம் நீட்டினார்.

"எழுப்புறது நான். பல்லுத் தீட்டுறது நான். சாப்பாடு தீத்துறது சுகந்தி. கதவுக்கு மேலை கொழுக்கி போட்டது நான். ரோட்டுக்கு ஓடின அண்டைக்குப் பிடிச்சது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன். என்னைக் கண்டதும் சிரிக்கிறதை மட்டும் அவள் தானாச் செய்வாள்."

சுகந்தியும் எட்டி வாசித்தார். "ஒரு மாதமா ரோட்டிலை நிண்டு உலகத்துக்கே கத்தினனீங்கள். இதை ஒருநாள் வாய் திறந்து சொன்னனீங்களோ?"

யோகன் தாளைத் திரும்ப வாங்கி, கீழே ஒரு வரி சேர்த்தார்: "நீ விட்டாத்தானே."

சுகந்திக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுதார். வன்னியில் இருந்த தங்கையின் சாவுச் சேதி வந்து மூன்று கிழமை என்றும், இந்த நேரத்தில் பிள்ளையையும் தூரத்துக்கு அனுப்பத் தன்னால் ஏலாது என்றும் அப்போதுதான் சொன்னார். நாங்கள் படிவத்தை முதலிலிருந்து நிரப்பினோம். சில மூன்றுகள், சில இரண்டுகள். சிரிப்புக்குப் பூச்சியம்.

4. நான் திருத்திக்கொண்டவை

வெள்ளிக்கிழமை காலை யோகனின் பட்டியலை மொழிபெயர்த்துப் படிவத்துடன் இணைத்தேன். டோரத்தி இரண்டு முறை வாசித்துவிட்டு ஆரணியை வரிசையில் மேலே ஏற்றினார். முழுநாள் உதவியாளர் கிடைத்தார். சின்னம்மா ஆரணியைப் பற்றி மூன்று தடவை விசாரித்தார். தரவு இரகசியம் என்றேன். கோபித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு "பிள்ளையால் முடியுமா?" என்று நான் எந்தப் பெற்றோரையும் கேட்பதில்லை. "இன்றைக்குக் காலையில் நீங்கள் என்னென்ன செய்தீர்கள்?" என்று கேட்கிறேன். படிவம் நிரப்ப உதவத் தமிழ் ஆள் வேண்டுமா, வேறு ஆள் வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுகிறேன். பாதிப் பேர் வேறு ஆள் என்கிறார்கள். ஒரு பூச்சியத்தைப் பார்த்தால், அதை எழுதும்போது பக்கத்தில் யார் இருந்தார் என்று தேடுகிறேன்.

ஒக்டோபரில் சுகந்தி தொலைபேசியில் அழைத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"தங்கச்சி, உதவிக்கு வந்த மிஸ் நல்லவ. ஆரணி இப்ப ஜக்கெற் ஸிப்பைத் தானாப் பூட்டுறா. கோயிலிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். நீர் மட்டும் ஒஃபிஸிலை வாயே திறக்கக்கூடாது, மிஸ்ஸை எடுத்துப்போடுவினம்!"