முதல் நாளே தீர்ந்துபோன பெட்டிகள்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் என் கணவர் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். மதியச் சாப்பாடு கொண்டுபோகிற நான் சாயங்காலம் வரை கல்லாவில் உட்கார்ந்துவிடுவேன்.

டிவியில் மாட்டி விளையாடுகிற கன்சோலில் போன தலைமுறை வந்த புதிதில் விற்பனை ரொம்ப மந்தம். ஆனால் வந்து பார்க்கிறவர்கள் நிறைய. வடமதுரைக்காரர் ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு பல தடவை வந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். "எங்க பழைய டிவியில மாட்டலாமா? கரண்டு ரொம்ப இழுக்குமா? ரெண்டு பேரு சேந்து வெளாடலாமா?" என்று கேட்டுத் துளைத்துவிட்டார். அப்படி வாங்கியவர்கள் பிறகு கேம் சிடிக்கும் கன்ட்ரோலர் பழுதுக்கும் வந்துகொண்டே இருந்தார்கள். அந்த வியாபாரத்தில்தான் பல வருஷம் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

அடுத்த தலைமுறைக் கன்சோல் கொரோனாவுக்குப் பிறகு எங்கள் கடைக்கு வந்தது. எங்கேயும் சரக்குத் தட்டுப்பாடு. வந்த அன்றே பெட்டிகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. இளவட்டங்கள் சிலர் ஆளுக்கு நாலைந்து வேண்டுமென்று நின்றார்கள்.

"பழசு ஒரு மாசத்துல போனது, இது ஒரே நாள்ல போயிருச்சு. எம்புட்டு வித்தியாசம் பாத்தியா!" என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்கு உறுத்தியது. "என்னங்க, ஒருத்தர்கூட கேம் சிடி கேக்கலையே. டிவியில மாட்டுறதப் பத்தியும் கேக்கல. வெளாட வாங்குன மாதிரி தெரியல. வெல ஏத்தி விக்கத்தான் வாங்கிட்டுப் போறாங்க."

"யாரு வாங்குனா நமக்கென்ன? சரக்கு போகுதுல்ல. நீ செத்த சும்மா இரு."

பெருநாள் வியாபாரத்தை நம்பி நிறையப் பெட்டிகள் எடுத்தார். இடம் வேண்டுமென்று பழைய சிடிகளையெல்லாம் காயலான் கடைக்குத் தள்ளினார். புதுச் சரக்கு கடைக்கு வந்து சேர்ந்தபோது தட்டுப்பாடு தீர்ந்திருந்தது. போனில் ஆர்டர் போட்டால் அதே பெட்டி எங்களைவிடக் குறைந்த விலைக்கு வீட்டு வாசலுக்கே வந்தது. பெருநாளும் போனது, எங்கள் பெட்டிகள் அசையவில்லை. பழைய வாடிக்கையாளர்களின் பிள்ளைகள் செல்போனிலேயே விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாள் வாங்கியவர்களில் ஒருவன் ஒரு மதியம் வந்தான். அவனிடம் இன்னும் பிரிக்காத பெட்டிகள் இருந்தன.

"அண்ணே, இதெல்லாம் திருப்பி எடுத்துக்கங்க. யாருமே கேக்க மாட்றாங்க."

"எங்கிட்ட இருக்கதே போகலப்பா. உன்னோடத எங்க வைக்க?"

அவன் கத்தினான். அவன் போன பிறகு அவர் விற்காமல் கிடந்த எங்கள் பெட்டி அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பிடக் கூப்பிட்டேன். திரும்பியபோது அவர் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஏதோ சொல்ல வந்தார். வெறும் சத்தம்தான் வந்தது. அப்படியே என் மேல் சாய்ந்தார். தாங்க முடியாமல் நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர்கள்தான் ஆட்டோ பிடித்தார்கள்.

உயிர் தங்கியது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. வந்த விலைக்கு எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக் கடையைக் காலி செய்தோம். நான் இப்போது ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். வேலைக்குப் போகும் முன் அவருக்குச் சோறூட்டி, வாய் துடைத்துவிட்டுக் கிளம்புவேன். ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கென்று கொடுத்த ரப்பர் பந்தைக் கையில் வைத்தால் நழுவ விட்டுவிடுவார்; வேண்டுமென்றே செய்கிறாரோ என்று சில நாள் ஆத்திரம் வரும்.

அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு தடவையாவது அவர் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடத் தோன்றும். திருப்பித் திட்டவாவது அவருக்கு வாய் இருந்தால் கேட்டிருப்பேன்.