பிறந்த வீட்டுக் கோடி

என் மனைவியின் அண்ணன் மலேசியக் குடிமகன். ஓய்வுக்கென்று ஆனைமலையில் எங்கள் பக்கத்துத் தெருவில் வீடு கட்டி, வருடாவருடம் வந்து விசா அனுமதித்த ஆறு மாதமும் தங்குவார். தங்கையை நான் சரியாகக் கவனிப்பதில்லை என்று தினமும் குறை சொல்லுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருடம் விசா முடிய நான்கு நாள் இருக்கையில் அவளைக் கோவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் கடிதம் இருந்தால் விசாவை நீட்டிக்கலாம் என்றார்கள். நிலைமை மோசம் என்று எழுதிய அந்தக் கடிதத்தை டாக்டர் என்னிடம்தான் கொடுத்தார். சட்டைப்பையில் மறைத்தேன். இவர் போனால் போதும் என்றிருந்தது.

"டாக்டர் என்னங்க சொன்னாரு, மாப்பிள்ளை?"

"பயப்பட ஒண்ணுமில்லைங்களாம். நீங்க கிளம்புங்க, மச்சான்."

"அடுத்த வருசம் வாரேன், அம்மணி" என்று தங்கையின் கையைத் தடவிவிட்டுப் போனார்.

அவர் போன மூன்றாம் நாள் அவள் இறந்தாள். குளிப்பாட்டி முடித்ததும் ஒருவர் கேட்டார்: "பொறந்த ஊட்டுக் கோடி போட ஆருங்க வந்திருக்கறாங்க?"

அண்ணனைத் தவிர அவளுக்குப் பிறந்த வீட்டில் யாருமில்லை. கடைசிப் புதுச்சேலை இல்லாமலே போனாள்.

"விசா முடிஞ்சு போயிட்டாருங்க" என்றேன். எல்லோரும் சர்க்காரைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன்.