ஆராயி பேரில் பாஞ்சாலையின் விரல்

பாஞ்சாலை ஆதார் அட்டைக்கு மூன்று முறை பதிவு செய்தாள். மூன்று முறையும் சில நாள் கழித்து மகள் மணிமொழியின் செல்போனுக்கு ஒரே பதில்தான் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, உங்களுக்கு ஏற்கெனவே ஆதார் உள்ளது.

"எங்க உள்ளது?" என்று பாஞ்சாலை கேட்டாள்.

மணிமொழிக்கும் புரியவில்லை. "நீ வேற எங்கியாவது குடுத்தியாம்மா? கல்யாணத்துக்கு முந்தி உங்க ஊர்ல?"

"அப்ப ஏதுடி ஆதாரு? எனக்கே தெரியாம யாரு எனக்கு எடுத்து வெச்சிருக்காங்க?"

பாஞ்சாலைக்கு நாற்பத்தெட்டு வயது. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கி, நாலு கிலோமீட்டர் உள்ளே நடந்தால் வரும் முப்பது வீட்டு ஊர் அவளுடையது. ஆறு வருஷமாகத் திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை கூட்டும் வேலை. பன்னிரண்டு அறை. மெத்தை விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, மாடிப்படி துடைத்துவிட்டு மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிப்பாள். இத்தனை வருஷமும் ஓட்டு அட்டையை வைத்தே ஓட்டிவிட்டாள். ரேஷன் கடைக்குப் போய் விரல் வைப்பது அவள் புருஷன் மூர்த்தி. அதனால் அட்டை இல்லாதது பெரிய குறையாகத் தெரியவில்லை.

தை மாதம் மேனேஜர் கோதண்டராமன் எல்லோரையும் கூப்பிட்டார். வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் இடம், வேலை செய்கிறவர்கள் எல்லோருடைய ஆதார் நகலையும் போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகுதான் அந்த மூன்று பதிவும் மூன்று நிராகரிப்பும்.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது ரேஷன் கடையில்.

பக்கத்து வீட்டு ஆராயிக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, வலது முட்டி தேய்ந்து நடக்க முடியாது. மகன் வல்லரசு ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். மாதா மாதம் வந்து விரல் வைத்து அரிசி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவான். அந்த மாதம் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. பாஞ்சாலை ஆராயியைக் கைத்தாங்கலாகக் கடைக்குக் கூட்டிப்போனாள். ஆராயி ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தாள். மிஷின் ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டது.

"மிஷினே ரிப்பேரான்னு தெரியல," என்றார் கடைக்காரர் சரவணகுமார். "நீங்க ஒரு தடவ வெய்யிங்க பாஞ்சாலைக்கா, பாப்போம்."

பாஞ்சாலை சேலையில் விரலைத் துடைத்துவிட்டு வைத்தாள். மிஷின் ஒரு சத்தம் கொடுத்தது. திரையில் பச்சை டிக். ஆராயி, சரிபார்க்கப்பட்டது.

சரவணகுமார் திரையைப் பார்த்தார், பாஞ்சாலையைப் பார்த்தார். மறுபடி வைக்கச் சொன்னார். மறுபடியும் ஆராயி.

"உங்க பேரு பாஞ்சாலைதானே?"

"நாப்பத்தெட்டு வருஷமா அதான்."

அரிசியை அளந்து போட்டார். ஆனால் இரண்டு பெண்களையும் ஒரு தினுசாகப் பார்த்தபடியே இருந்தார்.

வரும் வழியில் ஆராயி நடுரோட்டில் நின்றுவிட்டாள். "அன்னிக்கு என் கையில கட்டு போட்டிருந்தேனே, ஞாபகம் இருக்குதா?"

பாஞ்சாலைக்கு மெதுவாக நினைவு வந்தது. பன்னிரண்டு பதிமூன்று வருஷம் இருக்கும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆதார் கேம்ப். ஒரு வேனில் மிஷின், குடை மாதிரி ஒரு லைட், வயர்களோடு இரண்டு பேர் வந்திருந்தார்கள். இனி எப்போது வருவார்கள் என்று தெரியாது என்றதால் ஊரே வரிசையில் நின்றது. நெல் அவிக்கும்போது கொதிதண்ணீர் கொட்டி ஆராயியின் இரண்டு கையும் வெந்து, துணி சுற்றியிருந்தது. முகத்தைப் படம் பிடித்தாயிற்று, கண்ணையும் எடுத்தாயிற்று. விரல்தான் முடியவில்லை.

"கூட வந்தவங்க யாராவது வெய்யிங்க, அப்புறம் மாத்திக்கலாம்," என்றார் மிஷின்காரர். பின்னால் நின்ற பாஞ்சாலைதான் கையை நீட்டினாள். பத்து விரலும். அடுத்து அவளுடைய முறை வந்தபோது கரண்ட் போய்விட்டது. பேரை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, அட்டை வீட்டுக்கு வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆராயிக்கு அட்டை வந்தது. பாஞ்சாலைக்கு வரவில்லை. நாளாக ஆக அது மறந்தே போனது.

"அப்ப நான் யாரு விரல வெச்சிகினு இருக்கறேன்?" என்றாள் ஆராயி.

"உங்க விரல நீங்கதான் வெச்சிகினு இருக்கறீங்க. என்னுதுதான் உங்க பேர்ல இருக்குது."

"அப்ப என்னுது?"



அன்று சாயங்காலம் முழுக்க பாஞ்சாலைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தப்பு செய்தது யார்? விரல் வைத்தது அவள்தான். உதவி என்று நினைத்துச் செய்தது. இது போலீஸ் கேஸ் ஆகுமா? மூர்த்தி, "வாய மூடிகினு இரு, எதுக்கு வம்பு," என்றார். மணிமொழி உடனே கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டும் என்றாள்.

ஆனால் ஆராயிக்கு முட்டி ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தது. அரசுக் காப்பீட்டு அட்டையில் எல்லாம் ஏற்பாடு ஆகியிருந்தது. அந்தக் காப்பீடும் இதே ஆதார் எண்ணில்தான் இருந்தது.

"இப்ப போயி சொன்னா என் கார்ட ரத்து பண்ணிடுவாங்களா?" என்று கேட்டபோது ஆராயியின் குரல் இறங்கியிருந்தது.

"உங்க கால் சரியாவட்டும் அக்கா. அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள் பாஞ்சாலை. சொன்ன பிறகுதான் அது எத்தனை மாதம் என்று யோசித்தாள்.

மறுநாள் கோதண்டராமனிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"உங்க விரலு வேற ஒருத்தங்க பேர்ல இருக்குது."

"ஆமா சார்."

"அவங்க உயிரோட இருக்காங்க."

"பக்கத்து வீட்லதான் சார் இருக்காங்க."

"போலீஸ் ஸ்டேஷன்ல நான் என்னன்னும்மா எழுதறது?" அவருக்குக் கோபமில்லை, உண்மையாகவே தெரியவில்லை. "கார்டு வர்ற வரிக்கும் லீவுல இருங்க. உங்க எடத்துல ஆள் போட மாட்டேன்."

பாஞ்சாலை மாதக்கணக்கில் வீட்டில் இருந்தாள். கடலை பிடுங்க ஆள் கூப்பிட்டபோது போனாள். ஆபரேஷன் முடிந்த ஆராயிக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்து, முட்டியை மடக்கி நீட்டும் பயிற்சிக்கு உடன் உட்கார்ந்தாள். சில நாள் ஆராயியின் மேல் எரிச்சல் வரும். அடுத்த நிமிஷமே, இவள் என்ன செய்தாள், கை வெந்து நின்றாள், அவ்வளவுதானே என்று தோன்றும். எரிச்சலை யார் மேல் வைப்பது என்றே தெரியவில்லை. அந்த மிஷின்காரரின் பேர்கூட ஊரில் யாருக்கும் தெரியாது.

சித்திரை கடைசியில் ஆராயி ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்தாள். ஒரு திங்கட்கிழமை மணிமொழியோடு மூன்று பேரும் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குப் போனார்கள். மணிமொழி எழுதிய மனுவை வாங்கிய கீதாஞ்சலி என்ற அதிகாரி இரண்டு தடவை படித்தாள்.

"இதுல பாஞ்சாலை யாரு?"

"நான்மா."

"மிஷின்ல ஆராயி யாரு?"

"முகம் அவங்க. விரலு நானு."

கீதாஞ்சலி பேனாவை மூடி வைத்தாள். "தெரிஞ்சுதான் வெச்சீங்களா?"

"அவங்க கை வெந்து போயிருந்துச்சும்மா. யாராவது வெய்யிங்கன்னாரு, வெச்சேன். அது என்னுத எடுத்துக்கும்னு எனக்குத் தெரியல."

ஆராயி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, "எனக்காகத்தான் வெச்சா. தப்புன்னா என்னியும் சேத்து எழுதிக்குங்க," என்றாள்.

"தப்புன்னு யாரும் எழுதல. உக்காருங்க," என்றாள் கீதாஞ்சலி. பிறகு யாருக்கோ போன் செய்து நெடுநேரம் பேசினாள். பழைய எண்ணை ரத்து செய்து இருவரும் புதிதாகப் பதிய வேண்டும், அதற்கு மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்றாள். ஏழு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். அந்தத் தடவை பாஞ்சாலை தன் விரலை மட்டும் வைத்தாள். ஆராயியின் விரலில் ரேகை சரியாக விழவில்லை. கிடைத்த வரைக்கும் எடுத்துக்கொண்டு, கண்ணையும் எடுத்தார்கள்.

பாஞ்சாலையின் அட்டை ஆடியில் வந்தது. பிறந்த தேதி ஜனவரி ஒன்று என்றிருந்தது. அவள் பிறந்தது நல்ல மழைக்காலத்தில் என்று அவள் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறாள். மணிமொழி, "இதுக்கும் மனு குடுக்கணுமா?" என்றாள். பாஞ்சாலை வேண்டாம் என்றுவிட்டாள். கோதண்டராமன் நகலை வாங்கிக்கொண்டு, மாடிச் சாவிக் கொத்தைக் கொடுத்தார்.

அதே வாரம் ஆராயிக்கும் அட்டை வந்தது. ஆனால் எண் புதுசு. முட்டியைக் காட்டப் போன ஆஸ்பத்திரியில், காப்பீட்டில் வேறு எண் இருக்கிறது, மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பாஞ்சாலை மேனேஜரிடம் திங்கட்கிழமை லீவு கேட்டாள்.

"உங்களுக்குத்தான் வந்துடுச்சேம்மா?"

"எனக்கு வந்துடுச்சு சார். அக்காவுக்குத்தான் வந்தும் வராத மாதிரி இருக்குது."

கேட்டால் இன்னும் குழம்பும் என்று கோதண்டராமன் நினைத்தாரோ என்னவோ, சரி என்றார். காப்பீட்டில் எண்ணை மாற்ற இரண்டு திங்கட்கிழமை பிடித்தது. இரண்டு தடவையும் பாஞ்சாலை கூடவே போனாள்.