அப்பாவோடு கை தள்ளியது

மறதி முற்றிய பிறகு அப்பா என்னை அடிக்கத் தொடங்கினார். எந்த நேரமும் அல்ல. பொழுது சாயும்போது, வயலுக்குப் போன ரக்ரர்கள் றோட்டால் திரும்பி வருகிற சத்தம் கேட்டால் மட்டும். கதிரையை விட்டு எழும்பி, றோட்டுக்குத் திறக்கிற படலையடிக்குப் போவார். நான் மறித்தால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் அடிப்பார். இரணைமடுக் குளத்துத் தண்ணியில் வாழ்நாள் முழுக்க வயல் செய்த கை. பிடித்தால் எலும்பு நோகும்.

"விடு. என்ர பெடியனை எங்கை கொண்டு போறாய்?"

பெடியன் என்றது என் தம்பியை. சண்டைக் காலத்தில் ஒரு பின்னேரம், இயக்கத்துக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள் அவனை வீட்டில் வைத்துத்தான் கொண்டுபோனார்கள். அப்பா அவனுடைய கையைப் பிடித்தபடி விடவில்லை. அவருடைய விரல்களைப் பிரித்தெடுத்த பிறகுதான் அவனை வாகனத்தில் ஏற்ற முடிந்தது. அவன் திரும்பி வரவில்லை. பிறகு அதைப் பற்றி எங்கள் வீட்டில் கதையே இல்லை. அப்பா வயலைப் பார்த்தார். நான் பரந்தனுக்கு அங்கால ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி படிப்பித்தேன். அம்மா செத்துப்போனா. கடைசியில் மறதி வந்து மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அந்த ஒரு பின்னேரத்தை மட்டும் அவருக்கு மிச்சம் விட்டது.

முதலில் நாங்கள் செய்தது பலத்தைப் பலத்தால் மறிப்பது. என் கணவர் பின்னால் வந்து அப்பாவின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடிப்பார். அப்பா திமிறுவார். நான் என் கையை இழுத்தெடுப்பேன். அடுத்த நாள் அவரைக் குளிக்க வார்க்கும்போது பார்த்தால் புயமெல்லாம் இரத்தம் கண்டிப்போய் நீலமாக இருக்கும். வயதான தோல், ஒரு உரசலுக்கே கிழியும். "ஆர் எனக்கு அடிச்சது?" என்று என்னிடமே கேட்பார்.

இதில் சிரிப்பு என்னவென்றால், எனக்குத் தாய்ச்சி என்கிற சீனச் சண்டைக்கலை தெரியும். கொழும்பில் ஆசிரியர்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில் படித்தது. மற்றவர்கள் அதை முழங்கால் நோவுக்கான தேகப்பயிற்சியாகவே எடுத்துக்கொண்டார்கள். பயிற்றுவித்தவ மட்டும் விடவில்லை. "இதில ஒரு அசைவும் அழகுக்கு இல்லை. ஒருத்தர் உங்களைத் தொட்டால் அதுக்கு என்ன பதில் எண்டதுதான் ஒவ்வொண்டும்" என்பா. அங்கே எனக்குச் சோடியாக வந்தவ நெடுங்கேணிப் பக்கம் படிப்பிக்கிற ஒரு ரீச்சர். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, என்னைவிட இளையவ. எங்கள் இரண்டு பேருக்கும் இந்தச் சண்டைப் பக்கத்தில் ஒரு பைத்தியம் பிடித்தது. பயிற்சி முடிந்த பிறகும் பள்ளிக்கூட விடுமுறைகளில் பஸ் ஏறி என் வீட்டுக்கு வருவா. வீட்டைச் சுற்றின வளவுக்குள் எதிரெதிரே நின்று, மணிக்கட்டோடு மணிக்கட்டை வைத்துக் கை தள்ளுவோம். யாருடைய கால் முதலில் நிலத்தை விட்டுக் கிளம்புகிறதோ அவருக்குத் தோல்வி.

தள்ளுவது என்று பெயர், படிக்கிறது என்னவோ தள்ளாமல் இருக்கத்தான். எதிராள் பாரத்தைப் போடும்போது முன்கையை வளைத்து, காற்றடித்த சைக்கிள் ரியூப் மாதிரி அதைத் தாங்க வேண்டும். விறைக்கவும் கூடாது, விட்டுக்கொடுத்து நசுங்கவும் கூடாது. அவர் இன்னும் வந்தால் ஒரு கையை அவர் மணிக்கட்டிலும் மற்றதை முழங்கைக்கு மேலும் மெல்ல வைத்து, இடுப்பைத் திருப்பி, அவருடைய பலத்தை அவர் போகிற பக்கமே வழியனுப்பி விட வேண்டும். நிலை தடுமாறுகிற அந்தக் கணத்தில் இடைவெளிக்குள் நெருங்கலாம், உள்ளங்கையால் அமத்தலாம். மணிக்கட்டைப் பிடித்தால் அதற்கும் ஒன்று இருக்கிறது. குரங்கை விலக்குவது என்று சொல்வார்கள். இழுக்கக் கூடாது. உள்ளங்கையை மேலே திருப்பினால் பிடியின் பலவீனமான இடம், பெருவிரல் பக்கம், தானாகத் திறக்கும். அப்போது ஒரு அடி பின்னுக்கு வைத்தால் கை வெளியே வந்துவிடும்.

இவ்வளவும் தெரிந்த நான் அப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு விடுமுறைக்கு வந்த அந்த ரீச்சர்தான் அதைக் கண்டா. நாங்கள் அப்பாவைப் பிடித்து இருத்தி முடியும்வரை குசினி வாசலில் நின்று பார்த்தா.

"அக்கா, நீங்க அவரோட முட்டுறீங்க" என்றா.

"முட்டாமல் என்ன செய்யிறது? றோட்டுக்குப் போயிடுவார்."

"போகட்டுமே. வளவுக்குள்ளேயே போகட்டும். எங்கிட்ட செய்யிறத அவருக்கிட்ட செய்ங்க. நாம இவ்வளவு காலமும் எதுக்குப் பழகினோம்?"

"அவர் என்ர அப்பா. அவரிட்டச் சண்டை பிடிக்கச் சொல்லுறீரா?"

"இப்ப மட்டும் என்ன பண்றீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அடுத்த பின்னேரம் அவர் எழும்பி வந்தபோது நான் மறிக்கவில்லை. முன்கையை வளைத்து அவருக்கு நேரே வைத்தேன். நெஞ்சைக் கொண்டுவந்து அதில் மோதினார். தாங்கினேன். அவர் படலைப் பக்கம் தள்ள, நான் அவருடைய முழங்கையைத் தொட்டபடி திரும்பினேன். அவர் தன்னுடைய வேகத்திலேயே என்னைக் கடந்து மாமரத்தடிக்குப் போய்விட்டார். நானும் விடாமல் கூடவே போனேன். மறுபடி வந்தார், மறுபடி திரும்பினேன். இப்படியே வளவைச் சுற்றினோம். அவர் களைத்தபோது, சுற்றி வந்த சுற்றில் கதிரை அவருக்குப் பின்னால் இருந்தது. உள்ளங்கையை நெஞ்சில் வைத்து மெல்ல அமத்தினேன். கதிரையில் இருந்துவிட்டார். ஒரு கீறல் இல்லை.

அன்றைக்கு நான் அழுதேன். சந்தோசத்தில்தான். இவ்வளவு நாளும் அந்தப் புயங்கள் கண்டியது வீணுக்கு என்ற கவலையும் அதில் இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அப்பாவும் நானும் கை தள்ளினோம். தொட்ட உடனேயே அவர் எந்தப் பக்கம் போகப் போகிறார் என்று என் தோலுக்குத் தெரிந்தது. சின்ன வயதில்கூட நான் அவரை இவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டு நின்றதில்லை. எங்கள் பக்கத்தில் தகப்பன்மார் வளர்ந்த பிள்ளைகளைத் தொடுவதில்லை. அதை நினைக்கும்போது ஒரு இனிப்பு. ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு நான் மகள் இல்லை, தம்பியைக் கொண்டுபோனவர்களில் ஒருத்தி. ஒரு நாள் கதிரையில் இருந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உன்னை நல்லாய்த்தான் பழக்கி விட்டிருக்கிறாங்கள்" என்றார்.

"அப்பா, நான் உங்கட மகள்."

"என்ர மகள் பள்ளிக்கூடத்தாலை வாற நேரம். அவள் வாறதுக்கு முந்திப் போயிடு. அவள் பயப்பிடுவாள்."

நான் குசினிக்குள் போய் நின்றுவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு, முன்பக்கத்தால் வந்தேன். "வந்திட்டியோ" என்று கேட்டார். "ஓம் அப்பா" என்றேன்.

மாரி மழை தொடங்கியபோது அவர் மெலிந்து போனார். எழும்புவது குறைந்தது. ஒரு காலை, பின்னேரம் அல்ல, நான் கஞ்சிக் கோப்பையை எடுக்கக் குனிந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் யோசிக்கவில்லை. அவ்வளவு நாள் பழகிய கை தானாகவே செய்தது: உள்ளங்கை மேலே திரும்பியது, கால் பின்னுக்குப் போனது, கை வெளியே வந்துவிட்டது. அந்தப் பிடியில் பலமே இருக்கவில்லை என்பது கை வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"பிள்ளை" என்றார்.

தம்பியை அவரும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். பிள்ளை என்றது எப்போதும் என்னைத்தான்.

கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டுக் கையைத் திரும்ப அவரிடம் கொடுத்தேன். "என்னப்பா? சொல்லுங்கோ." அவருடைய விரல்களை எடுத்து என் மணிக்கட்டைச் சுற்றி நானே வைத்தேன். அவை மூடவில்லை. அவர் யன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கிழமைக்குள் நெஞ்சில் சளி கட்டி, கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். கடைசிவரை கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் என் கையைப் பிடிக்கவில்லை.

செத்தவீட்டுக்கு வந்த நெடுங்கேணி ரீச்சரிடம் மட்டும், அந்தக் காலை நான் கையை எடுத்துவிட்டதைச் சொன்னேன். ஆறுதல் சொல்லப் பார்ப்பா என்று நினைத்தேன். "நான்தானே அக்கா செய்யச் சொன்னேன்" என்று அழுதா. இல்லை, நீர் சொல்லாவிட்டால் அவர் கண்டின காயத்தோடு போயிருப்பார் என்றேன். அது உண்மைதான். அவரைக் குளிப்பாட்டியவர்கள் உடம்பில் ஒரு காயமும் இல்லை என்று சொன்னார்கள். ஆனாலும் அவர் என்ன சொல்லக் கூப்பிட்டார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒன்றும் சொல்வதற்கு இல்லாமல், சும்மா பிடித்தும் இருக்கலாம்.