டீமேக்கர் வீட்டு வல்லாரை

எனக்குக் குரல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வகுப்பில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடும்போது. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை. நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்றிருந்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது, அடுத்த பெயர் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து மேசையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் சத்தமே போடாமல் என்னைப் பார்த்தார்கள். அதற்கு முன் அவர்கள் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடமாகக் கத்திக் கத்தியே படிப்பித்தவள் நான். நான் அதட்டுவதை வைத்து மலையில் கொழுந்தெடுப்பவர்கள் நேரம் பார்த்துக்கொள்வார்கள் என்று ஊரே கேலி செய்யும். அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஆனதற்குக் காரணம் கேட்டால், இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆஸ்பத்திரியில் இதயத்தைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். இரண்டு மாத லீவு கிடைத்தது. நடுவில் ஒரு நாள் சும்மா போய்ப் பார்ப்போம் என்று கிளம்பி, பள்ளிக்கூட கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். லீவு முடியும்போதும் இப்படியே இருந்தால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான். படிப்பிப்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது.

யாரோ சொல்லி, ஹட்டனில் ஒரு சிங்கள ஆயுர்வேத வைத்தியரிடம் போனோம். நாடி பார்த்தார், நிறையக் கேட்டார், கடைசியில் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

“மிஸ், இது மனசு களைச்சுப் போனது. காலையில வல்லாரக் கஞ்சி குடிங்க. பச்சையா அரைக்கணும். டீ மட்டும் கொஞ்சம் கொறைங்க.”

கடைசி வரியில்தான் வந்தது வினை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தோட்டத்துப் பேக்டரியில் கொழுந்தைத் தேயிலைத் தூளாக்கும் வேலையைப் பார்க்கிற டீமேக்கர். டீயைக் குறை என்றதை, தன் தாயைப் பற்றி ஏதோ சொல்லிவிட்ட மாதிரி எடுத்துக்கொண்டார். வீடு வரும்வரை பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார்.

மறுநாள் பை நிறைய வல்லாரையோடு வந்தார். வல்லாரை முளைக்கும் மலைத் தண்ணீர்க் கான்களில் புல் சாக மருந்தடிப்பார்கள் என்பதால், மேலே ஓடைக்கரை வரை ஏறிப்போய்ப் பறித்திருக்கிறார். எனக்கு மனம் நெகிழ்ந்துபோயிற்று. கஞ்சி வரும் என்று உட்கார்ந்திருந்தேன். கஞ்சி வரவில்லை. முன்னறை முழுக்கப் பழைய பேப்பரை விரித்து இலையைப் பரப்பிக்கொண்டிருந்தார்.

“என்னங்க இது?”

“வாடணும்ல?”

“அவரு பச்சையா அரைக்கச் சொன்னாரு.”

“அவருக்கு எலையப் பத்தி என்ன தெரியும்? பச்ச எலையில என்ன இருக்கு டீச்சர்? வாட்டி, உருட்டி, பதம் பாத்து எடுத்தாத்தான் உள்ள இருக்கிறது வெளிய வரும்.”

வீட்டிலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஆனால் எதற்கும் என்னைக் கேட்கமாட்டார்.

வாடிய இலையை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். ஈரத்துணி போட்டு மூடிவைத்து, கால்மணிக்கு ஒருதரம் குனிந்து மோந்து பார்த்தார். பிறகு இரும்புச் சட்டியில் வறுத்தார். கடைசியில் கறுப்பாக ஒரு தூள் வந்தது. அதில் வெந்நீர் ஊற்றிச் சாயம் இறக்கி, பேக்டரியில் டீயை ருசி பார்ப்பதுபோல ஒரு கரண்டி எடுத்து வீடே கேட்கிற மாதிரி உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றிவிட்டுத் துப்பினார்.

“கலர் வந்திருச்சு. வாசந்தான் பத்தல.”

நானும் குடித்துப் பார்த்தேன். மழையில் நனைந்த சாக்கு மாதிரி இருந்தது.

“இது எனக்கு மருந்தா, இல்ல கொழும்பு டீ ஏலத்துக்கு அனுப்பப் போறீங்களா?”

அவர் அசரவில்லை. வாட்டம் கொஞ்சம் கூடிப்போய்விட்டதாம். இரண்டாம் முறை செய்தார். மூன்றாம் முறை சல்லடை வந்தது, பெருந்தூள் சிறுதூள் என்று டப்பாக்கள் வந்தன. பத்து நாள் ஓடியும் ஒரு வாய்க் கஞ்சியை நான் பார்க்கவில்லை.

பதினோராம் நாள் எனக்கு வந்ததே கோபம். “அரைக்கச் சொன்னா பொசுக்கிக்கிட்டு இருக்கீங்களே!” என்று கத்த ஆரம்பித்தேன். பாதியில் சத்தம் உடைந்துபோய், மிச்சம் காற்றாகத்தான் வந்தது. திட்டக்கூட முடியவில்லையே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் டப்பாக்களை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எல்லாத் தூளையும் ரோஜாச் செடிக்கடியில் கொட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் மிக்ஸி சத்தம் கேட்டது. சிவப்பரிசிக் கஞ்சியில் தேங்காய்ப்பாலும் வல்லாரைச் சாறும் விட்டு, பச்சைப்பசேலென்று ஒரு கோப்பை வந்தது. பக்கத்தில் கருப்பட்டித் துண்டு. நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். மீதி ஆறு வாரமும் ஒரு நாள் தவறவில்லை. எனக்குத் தூக்கம் வர ஆரம்பித்தது. அது வல்லாரையாலா, எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்ததாலா என்று என்னைக் கேட்டால் பிரித்துச் சொல்லத் தெரியாது.

லீவு முடிந்த அன்று என்னோடு பஸ் ஏறினார். பள்ளிக்கூட கேட்டுக்கு வந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அதுவரை அவரிடம் தலைச்சுற்று என்றிருக்கிறேன், படபடப்பு என்றிருக்கிறேன். உள்ளதை அன்றைக்குத்தான் சொன்னேன்.

“எனக்குப் பயமா இருக்குங்க.”

“தெரியும். எனக்கும்தான். அதான் அந்த எலையப் போட்டு அந்தப் பாடு படுத்துனேன். ஒன்னைய என்ன செய்யிறதுன்னு எனக்குத் தெரியல. எலைய என்ன செய்யிறதுன்னு தெரியும்.”

உள்ளே போனேன்.

இடாப்பை எடுத்தேன். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. சத்தம் சின்னதுதான், முன் வரிசை வாங்கைத் தாண்டிப் போயிருக்காது. பின்னால் இருந்தவர்கள் எட்டி என் வாயசைவைப் பார்த்துத் தங்கள் பெயரைத் தாங்களே கண்டுபிடித்துக் கை தூக்கினார்கள். அப்படியே இரண்டு பாடம் ஓடியது.

இடைவேளையில் வெளியே வந்து பார்த்தால், கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர் நிற்கிறார். “பஸ்ஸுக்கு நிக்கிறேன்னாரு, மூணு பஸ் போயிருச்சு டீச்சர்” என்றார் காவலாளி. எனக்கு அவ்வளவு சத்தம் எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை.

“யாரு உங்கள இங்கயே நிக்கச் சொன்னா? பேக்டரிக்குப் போகலையா? புள்ளைங்க பாத்துச் சிரிக்கப் போகுது!”

மைதானத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர் நகரவில்லை. தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னொரு தடவ திட்டு டீச்சர்” என்றார்.