ஏழு மணி நேரம் வெளியில் கிடந்த கூடை

பட்டறையில் அவருக்குப் பெயர் 'நாலுமணி'. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. எஃகு போல்ட்டுகள் துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாக முலாம் பூசுகிற இடம் அது. முலாம் தொட்டியில் இறங்குகிற எஃகு, பளபளப்போடு கொஞ்சம் ஹைட்ரஜனையும் உள்ளே வாங்கிக்கொண்டுதான் மேலே வரும். நாலு மணி நேரத்துக்குள் அடுப்பில் வைத்து, நாள் முழுக்கச் சுட்டு அதை விரட்ட வேண்டும். விட்டால், வலுவான போல்ட்தான் முதலில் காலை வாரும். முறுக்கிய அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நாலைந்து நாள் கழித்து 'டிக்'கென்று தலை தனியே வந்துவிடும்.

அடுப்பு இவர் பொறுப்பு. இருபத்தாறு வருடமாக "நாலு மணி ஆச்சா?" என்று கேட்டுக் கேட்டே எல்லார் உயிரையும் வாங்கினார். நேரம் தாண்டிய போல்ட் கூடையைப் பழைய இரும்பில் கொட்டிவிடுவார். முதலாளியின் மைத்துனரே கெஞ்சியும் மசிந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவர்தான் பொய் எழுதினார்.

அன்றைக்குக் காலை பத்து மணிக்கு லிஃப்ட் கம்பெனியின் கூடை தொட்டியிலிருந்து வந்தது. பத்தரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். மூன்று மாதமாக மனைவி அங்கே படுக்கையில் இருந்தாள். யாரிடமும் சொல்லாமல் ஓடினார். மூன்று மணிக்கு அவள் போய்விட்டாள். மச்சினன் காகிதங்களுக்காக அலைந்துகொண்டிருக்க, இவர் பஸ் ஏறிப் பட்டறைக்கு வந்தார். பெண்டாட்டி செத்த அன்று யாராவது வேலைக்கு வருவார்களா? வந்தார். ஐந்து மணிக்குக் கூடையை அடுப்பில் தள்ளி, அதன் நேர அட்டையில் 'ஒன்றரை மணி' என்று எழுதினார். ஐந்து என்று எழுதினால் பக்கத்துக் கட்டத்தில் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும். அதற்குக் கை வரவில்லை.

அதன்பின் சாப்பிட்டார், குளித்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார். துணைக்கு வந்திருந்த தங்கைதான் தவித்துப்போனாள். "ஒரு தடவை அழுதுடுண்ணே."

"வரலையே, என்ன பண்ண?"

இரண்டு வாரம் கழித்து வேலைக்குப் போனபோது அந்தச் சரக்கு போய்விட்டிருந்தது. மாதிரிக்கு வைத்திருந்ததில் இரண்டு போல்ட்டை எடுத்துவந்து, ஒரு தடித்த இரும்புத் தகட்டில் முறுக்கிச் சமையலறை அலமாரியில் வைத்தார். நாலாம் நாள் காலை, தங்கை டீ ஆற்றும்போது 'டிக்'. தலை உருண்டு அவள் காலடிக்கு வந்தது.

"என்னண்ணே இது?"

"பொய்ம்மா," என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினார்.

மேற்பார்வை பார்க்கும் பெண்ணின் மேஜையில் அந்தத் தலையை வைத்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் உடனே லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டாள். பேசி முடித்ததும் நாற்காலியில் சாய்ந்தாள்.

"இன்னும் மாட்டலையாம். எல்லாத்தையும் திருப்பி அனுப்பறாங்க. நீங்களா அண்ணே இப்படி?"

"நான்தாம்மா. என் வேலை போனா போகட்டும்."

"அதை முதலாளி பார்த்துப்பார். அட்டையை முதல்ல திருத்துங்க."

ஒன்றரையை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினார். பக்கத்துக் கட்டத்தில் பேனாவை வைத்தார். 'மனைவி மூன்று மணிக்கு இறந்துவிட்டாள். அதுவரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேட்டாள், கொடுக்கக் கூடாது என்றார்கள், நான்' என்பதோடு கட்டம் நிரம்பிவிட்டது.

"இன்னொரு அட்டை இருக்காம்மா?" என்று கேட்டார்.